எடைப் பகிர்வு ஹிட்ச்: பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு கூடுமா?

கேள்வி, 2 ஜூன் 2024 (அம்பாசமுத்திரத்திலிருந்து)

அண்ணாச்சி, பேட்டையில் ஒரு பட்டறையில் ஒற்றை அச்சு டிராவல் டிரெய்லர் ஒன்றைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். நான்கு பேர் படுக்கலாம். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் 1,300 கிலோ வரும் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். இழுக்கப் போவது சேசிஸ் மேல் பாடி வைத்த டீசல் எஸ்யூவி. குற்றாலம், உவரி, கன்னியாகுமரி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், எடைப் பகிர்வு ஹிட்ச் (ஹிட்ச் என்றால் வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் அமைப்பு) இல்லாமல் சாலையில் இறங்காதே என்கிறார். அதிலும் 1,000 பவுண்டு ஸ்பிரிங் கம்பி உள்ளதையே வாங்கு, பெரியதாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்கிறார். அப்படித்தானா?

3 ஜூன் 2024

பெரியதாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. உங்கள் டிரெய்லரின் எடைக்கு அவ்வளவு தடித்த கம்பி போட்டால் அது வளையவே வளையாது. வளையாத கம்பி ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் ஹிட்சையும் டிரெய்லரின் முன்சட்டத்தையும் அடித்துக்கொண்டே இருக்கும். கம்பி வளைந்து கொடுப்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது.

இந்த ஹிட்ச் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். டிரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னால் இணைப்புக்காகப் பூட்டிய இரும்புப் பந்தில் உட்காரும்போது, பந்து பின் அச்சுக்கு வெகு பின்னால் இருப்பதால், வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகின்றன. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களை நம்பியே இருக்கின்றன என்பதால் இதைச் சும்மா விட்டுவிட முடியாது. எடைப் பகிர்வு ஹிட்சில், பந்துக்குக் கீழிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் முன்சட்டத்துக்கு அடியில் பின்னோக்கிப் போகும். அவற்றின் நுனிகளைச் சங்கிலியால் இழுத்து மேலே பூட்டும்போது வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு முறுக்கு உண்டாகிறது. அந்த முறுக்கு, பின் அச்சில் ஏறிய பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லரின் அச்சுக்கும் தள்ளிவிடுகிறது. இருக்கிற எடை இடம் மாறுகிறதே தவிர, ஒரு கிலோகூடக் குறைவதில்லை. உங்கள் வண்டி இழுக்கத் தகுந்த எடை எவ்வளவு என்று கையேடு சொல்கிறதோ, அந்த அளவும் இதனால் கூடிவிடாது.

நான் டெக்சஸில் வேலை பார்த்த காலத்தில் 24 அடி டிரெய்லர் ஒன்றை வைத்திருந்தேன். அதை விற்ற கடையில் ஹிட்சைப் பூட்டித் தந்தவர், சங்கிலியைத் தேவைக்கு மேல் இழுத்துப் பூட்டியிருந்தார். வண்டி பார்வைக்குச் சமமாக நின்றது. ஆனால் முதல் மழையில் ஒரு வளைவில் பின்சக்கரங்கள் பிடியை இழந்து பக்கவாட்டில் நகர்ந்தன. பின் அச்சிலிருந்து அளவுக்கு மீறி எடையைத் தூக்கியதால் வந்த வினை அது. ஓரத்தில் நிறுத்திச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்த்திப் பூட்டிய பிறகு, அதே சாலையில் வண்டி அடங்கி ஓடியது. குறைவான பகிர்வைப் போலவே மிகையான பகிர்வும் ஆபத்து என்பதை நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

ஆகவே இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். டிரெய்லர் கட்டி முடியட்டும். எடை மேடையில் ஏற்றிய பிறகு பேசுவோம்.

3 ஜூன் 2024, இரவு

பந்தின் அளவைப் பட்டறைக்காரரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய முறையில் பந்து 50 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2 அங்குலக் கப்ளரை (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் மூக்குப் பகுதி) 50 பந்தில் போட்டால் தளர்ந்து ஆடும். 50 கப்ளரை 2 அங்குலப் பந்தில் போட்டால் முழுவதும் இறங்கிப் பூட்டாது. முக்கால் மில்லிமீட்டர்தானே என்று சுத்தியலால் தட்டிப் பூட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

6 ஜூன் 2024

முன்பாரத்தை, அதாவது டிரெய்லரின் மூக்கு பந்தின் மேல் அழுத்தும் எடையைப் பற்றி இரண்டு பேர் தனித்தனியே கேட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நெல்மூட்டையை முன்னால் கூட்டி ஏற்றினால் முன்பாரமாகி நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூட்டி ஏற்றினால் பின்பாரமாகி ஏர்க்கால் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். இலேசான முன்பாரம் இருக்கும்படி மூட்டையை நகர்த்தி வைப்பதுதான் வண்டிக்காரரின் கைத்திறம். ஒற்றை அச்சு டிரெய்லரின் நியாயமும் அதுவே. வேகம் மட்டும் பல மடங்கு கூடிவிட்டது.

அமெரிக்க வழக்கப்படி, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால், ஒரு வேகத்துக்கு மேல் டிரெய்லரின் வால் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் வண்டியையே இழுத்துத் திருப்பிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹிட்சும் பின்பாரமாக ஏற்றிய டிரெய்லரைத் திருத்தாது. பக்கவாட்டு ஆட்டத்தை உராய்வால் அடக்கும் பிடி (உராய்வுப் பிடி) உள்ள ஹிட்ச், ஆட்டம் தொடங்கும் வேகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நல்ல ஹிட்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுகிறவர் இன்னும் கூடுதல் வேகத்தில் அந்த ஆட்டத்தைச் சந்திப்பார்.

முன்பாரத்தை அளக்க வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு போதும். ஒரு கட்டையின் ஒரு முனையைக் குழாய்த் துண்டின் மேலும், அங்கிருந்து 3 அடி தள்ளி அதே கட்டையை இன்னொரு குழாய்த் துண்டு வைத்த தராசின் மேலும் நிறுத்துங்கள். முதல் குழாயிலிருந்து 1 அடி தள்ளி டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை 3ஆல் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். கட்டையின் எடையை முன்பே கழித்துவிடுங்கள். டிரெய்லர் சமமாக நிற்க வேண்டும். மூக்கு ஏறியோ தாழ்ந்தோ இருந்தால் கணக்கு மாறிவிடும்.

7 ஜூன் 2024

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 61ஆவது பிரிவின்படி டிரெய்லரையும் மற்ற வாகனங்களைப் போலத் தனியே பதிவு செய்ய வேண்டும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும். பட்டறையில் இரும்பை வெட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கட்டி முடித்தபின் நீளத்தைக் குறைக்க முடியாது.

9 ஜூன் 2024

ஐரோப்பாவில் யாரும் இந்தக் கம்பிகளைப் போடுவதில்லையே, பிறகு நமக்கு எதற்கு என்று பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி, விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அங்கே டிரெய்லர்கள் இலேசானவை. கனமான சாமான்கள் எல்லாம் அச்சுக்கு மேலேயே வரும்படி கட்டுகிறார்கள். முன்பாரம் 5 முதல் 7 சதவீதத்தில் நின்றுகொள்கிறது. கார்களின் பந்துகளும் பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ வரைதான் தாங்கும். வேகமும் குறைவு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்றால் 100. இவ்வளவு இலேசான மூக்கு முன்சக்கரங்களிலிருந்து அதிகம் பறிப்பதில்லை என்பதால் அவர்களுக்குப் பகிர்வுக் கம்பி தேவைப்படுவதில்லை; பந்தை இறுக்கிப் பிடிக்கும் உராய்வு நிலைப்படுத்தி ஒன்று போதுமாகிறது.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது பிரேக். ஐரோப்பிய டிரெய்லர்களில் உந்து பிரேக் இருக்கும். வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் முட்டும். அந்த முட்டலில் கப்ளர் உள்ளே நகர்ந்து பிரேக்கை இழுக்கும். ஆகவே கப்ளர் தடையில்லாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பகிர்வுக் கம்பிகளை அதே இடத்தில் முறுக்கிப் பூட்டினால் அந்த நகர்வு பிடிபடும்; பிரேக் சரியாகப் பிடிக்காது. உந்து பிரேக்கோடு ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளரே எழுதித் தருகிற ஹிட்ச் வகைகள் சிலவே. அமெரிக்க டிராவல் டிரெய்லர்களில் பெரும்பாலும் கப்ளரின் நகர்வை நம்பாத மின் பிரேக் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

எனவே, அம்பாசமுத்திரம் தம்பி, முதல் நாள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எடை பார்த்த பிறகு ஹிட்ச் என்றேன். எடை பார்த்து, பிரேக் எது என்று முடிவு செய்து, அதன் பிறகே ஹிட்ச். 1,300 கிலோ டிரெய்லரைத் தன் பிரேக் இல்லாமல் இழுப்பது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனாலே டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

10 ஜூன் 2024

ரிசீவரை (ஹிட்சைச் செருக வண்டியின் சேசிஸில் பூட்டும் சட்டம்) பேட்டையிலேயே அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கலாம், ஆனால் டிராக்டருக்குக் கொக்கி அடிப்பது போல இதை நினைத்துவிடக் கூடாது. சாதாரண ரிசீவர் கீழ்நோக்கிய பாரத்தையும் இழுப்பையும் மட்டும் தாங்கினால் போதும். பகிர்வுக் கம்பி போட்டால் அதே ரிசீவர் முறுக்கையும் தாங்க வேண்டும்; அந்த முறுக்கு அதன் குறுக்குக் குழாயைத் திருகப் பார்க்கும். சேசிஸின் இரு பக்கச் சட்டங்களிலும் போதிய நீளத்துக்குத் தகடு பிடித்து, உயர்வலிமை போல்ட்டால் பூட்ட வேண்டும். சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள். பம்பரில் மட்டும் பூட்டிய பந்து இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

15 ஜூன் 2024

டிரெய்லர் வெளியே வந்துவிட்டது. தம்பி தாழையூத்துப் பக்கம் ஒரு எடை மேடையில் ஏற்றிக் கணக்கு அனுப்பியிருக்கிறார். முழுப் பாரத்தோடு 1,320 கிலோ. முன்பாரம் 70 கிலோ, அதாவது 5.3 சதவீதம்.

நம் நெடுஞ்சாலையில் ஓட்ட இது போதாது. அதிலும் ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர் தாண்டி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கமாகக் கன்னியாகுமரிக்குப் போக நினைக்கிறவருக்கு இது ஆபத்தான எண். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குக் காற்று எப்படி வரும் என்று அங்கே காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலி லாரியே அந்த இடத்தில் ஒதுங்கும். டிரெய்லரின் அகன்ற பக்கச் சுவரில் காற்று விழும்போதும், எதிரே ஒரு பஸ் கடந்து காற்றை ஒரு கணம் மறைத்துத் திரும்ப விடும்போதும் வால் ஆட்டத்துக்கு வேண்டிய முதல் தள்ளல் கிடைத்துவிடும். செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் குற்றாலம் போனாலும் இதே கதைதான்.

அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தால் காரணம் தெளிவாக இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால், கழிவறைக்கு அடியில் இருக்கிறது. ஸ்டெப்னி பின்பக்கச் சுவரில் தொங்குகிறது. பந்திலிருந்து அச்சு வரை 4 மீட்டர். தொட்டியை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் கொண்டுவந்தால், 100 கிலோ 2 மீட்டர் நகர்கிறது; 4ஆல் வகுத்தால் முன்பாரம் 50 கிலோ கூடும். 25 கிலோ ஸ்டெப்னியைப் பின்சுவரிலிருந்து முன்சட்டத்துக்கு மாற்றினால் அது 5 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. இன்னும் 32 கிலோ. மொத்தம் 150க்கு வந்துவிடுகிறது. 1,320இல் அது 11.4 சதவீதம்.

செலவு, கொஞ்சம் குழாயும் நான்கு போல்ட்டும். எந்த ஹிட்சும் தர முடியாத பாதுகாப்பு இது. தயவு செய்து முதலில் இதைச் செய்யுங்கள்.

15 ஜூன் 2024, இரவு

தொட்டி நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் முன்பாரத்தை அளந்து குறித்து வையுங்கள். தொட்டி அச்சுக்கு அருகே வந்துவிட்டதால் இனி வித்தியாசம் 12 கிலோ அளவில் நிற்கும். பழைய இடத்தில் இருந்திருந்தால், தண்ணீர் நிரப்பும்போதெல்லாம் முன்பாரத்திலிருந்து 37 கிலோவுக்கு மேல் போய்விடும்.

18 ஜூன் 2024

இப்போது ஹிட்சுக்கு வரலாம். வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.75 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து வரை 1.2 மீட்டர். 150 கிலோ பந்தில் உட்கார்ந்தால் முன் அச்சு சுமார் 65 கிலோ இலேசாகும். பின் அச்சில் சுமார் 215 கிலோ ஏறும். இழந்ததில் பாதியை முன் அச்சுக்குத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குக் கம்பிகளைப் பூட்டினால், முன் அச்சின் இழப்பு 32 கிலோவுக்குக் குறையும்; பின் அச்சின் ஏற்றம் 165க்கு இறங்கும்; மீதி 17 கிலோ டிரெய்லர் அச்சுக்குப் போகும். முழுவதையும் மீட்க நினைத்தால் பின் அச்சின் ஏற்றம் 115 ஆகும். டிரெய்லர் அச்சு 35 கிலோ வாங்கிக்கொள்ளும். ரிசீவர் மேல் விழும் முறுக்கு இரட்டிப்பாகும்.

பாதி மீட்டால் போதும் என்று பல வண்டித் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சிலர் முழுவதும் மீட்கச் சொல்கிறார்கள்; சிலர் இந்த வகை ஹிட்சே கூடாது என்கிறார்கள். உங்கள் கையேட்டில் ஏதேனும் சொல்லியிருந்தால் அதுவே கடைசிச் சொல். சொல்லவில்லையென்றால் நான் பாதியோடு நிற்பேன்.

பாதி மீட்பதற்கு, முக்கால் மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒவ்வொரு சங்கிலியும் 47 கிலோ இழுத்தால் போதும். 1,000 பவுண்டுக் கம்பி என்பது சுமார் 450 கிலோ முன்பாரத்துக்குச் செய்தது. உங்கள் முன்பாரத்துக்கு அது மூன்று மடங்கு. 400 பவுண்டு, அதாவது 180 கிலோ அளவுக் கம்பி உங்களுக்குப் பொருந்தும். மைத்துனர் தன் கனமான டிரெய்லருக்கு வாங்கியது அவருக்குச் சரி.

எடை மேடைச் சீட்டில் ஓர் எச்சரிக்கை. பல மேடைகள் 5 அல்லது 10 கிலோப் படியாகத்தான் காட்டும். 32 கிலோ வித்தியாசத்தைத் தேடும்போது அந்தப் படி பெரிது. ஆகவே முன்சக்கரத்து மட்கார்டின் உயரத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள்: டிரெய்லர் இல்லாமல் ஒரு முறை, மாட்டிக் கம்பி பூட்டாமல் ஒரு முறை, பூட்டி ஒரு முறை. மூன்றையும் ஒரே சமமான தரையில், டயர்கள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்து, குடும்பம் ஏறியபடியே அளக்க வேண்டும். முதல் இரண்டு அளவுகளுக்கும் நடுவில் மூன்றாவது வந்து நின்றால் பாதி மீண்டுவிட்டது என்று பொருள்.

19 ஜூன் 2024

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தபோது, நம் சாலைகளை அதில் சேர்க்காமல் விட்டது உறுத்துகிறது. டெக்சஸ் நெடுஞ்சாலைக்கு எழுதியதைச் சேரன்மகாதேவி சாலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

வேகத்தடையிலும், வாய்க்கால் பாலத்தின் கூனல் மேட்டிலும், சாலையிலிருந்து தோப்புக்குள் இறங்கும் சரிவிலும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள கோணம் சட்டென்று மாறும். வண்டி பள்ளத்தில் இறங்கி டிரெய்லர் மேட்டில் நிற்கும்போது கம்பிகளின் இழுப்பு ஏறக்குறைய அற்றுப்போகும். வண்டி மேடேறி, டிரெய்லர் இன்னும் பள்ளத்தில் இருக்க, இரண்டும் இணையும் இடம் கீழ்நோக்கி மடங்கி நின்றால், கம்பிகள் அளவுக்கு மேல் வளைந்து ரிசீவரைத் திருகும். வேகத்தடையை நடை வேகத்தில் ஏறி இறங்கினால் 400 பவுண்டுக் கம்பி தாங்கிக்கொள்ளும். தோப்புச் சரிவு போன்ற செங்குத்தான இடங்களில் மட்டும், இறங்கிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே போய்விடுங்கள். மெல்லிய கம்பி வாங்குவதற்கு என் பார்வையில் இதுவே மிக வலுவான காரணம்.

20 ஜூன் 2024

முடிவாக எதை வாங்கச் சொல்கிறீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

உந்து பிரேக் என்றால்: பகிர்வுக் கம்பி வேண்டாம், 50 மில்லிமீட்டர்ப் பந்து, அது 150 கிலோ தாங்கும் என்று முத்திரை குத்தியிருக்க வேண்டும், அதற்குரிய உராய்வு நிலைப்படுத்தி. மின் பிரேக் என்றால்: 400 பவுண்டுக் கம்பி, உராய்வுப் பிடி தன்னுள்ளேயே அமைந்த வகை.

இரண்டில் என் மனம் மின் பிரேக்கையே நாடுகிறது. காரணம் எடைப் பகிர்வு அல்ல; முன் அச்சின் 65 கிலோ இழப்பைச் சமவெளியில் எப்படியும் சமாளித்துவிடலாம். மின் பிரேக்கில், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியே பிடிக்கும் நெம்புகோல் ஒன்று இருக்கும். வால் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கால் ஆட்டத்தைத் துரத்தவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அந்த நெம்புகோலை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். நியூ மெக்சிகோவில் ஒரு குறுக்குக் காற்றில் இதைச் செய்து நான் தப்பியிருக்கிறேன். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், விழிக்கவே இல்லை. உந்து பிரேக்கில் அப்படி ஒரு பிடி கிடையாது.

20 ஜூன் 2024, இரவு

மின் பிரேக் போட்டால், கப்ளர் கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கும் இழுவைச் சுவிட்சும், அதற்கென டிரெய்லரிலேயே ஒரு பேட்டரியும் வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள்.

27 ஜூன் 2024

தம்பி மின் பிரேக்கையே தேர்ந்துவிட்டார், ஹிட்சும் வந்துவிட்டது. மட்கார்டு அளவுகளை அனுப்பினார்: டிரெய்லர் இல்லாமல் 842 மில்லிமீட்டர், மாட்டியதும் 856, கம்பி பூட்டியதும் 848. பாதிக்குச் சற்று மேல். சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறுக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம், இந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

பந்துக்கும், கம்பிகள் தலையில் சுழலும் இடத்துக்கும் கிரீஸ் வையுங்கள். கம்பி உராயும் தாங்கிகளில் மட்டும் ஒரு துளி கிரீஸும் படக் கூடாது. அங்கே உராய்வுதான் வேலை செய்கிறது. திருப்பங்களில் அது கிறீச்சிடும், பயப்பட வேண்டாம். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். உப்புக் காற்று போல்ட்டுகளின் புரியைத் தின்றுவிடும். முதல் ஓட்டத்தில் ஆலங்குளம் வரை போய் நிறுத்தி, எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். புதிய போல்ட்டுகள் முதல் 50 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் தளரும். முப்பந்தல் பக்கம் ஆவணி கழியும் வரை போக வேண்டாம்.